நிற்கிற விமானமும் பறக்கும்

செஸ்னா 172 ரக விமானம் ஓடுபாதையில் சுமார் 55 நாட் (மணிக்கு 100 கிலோமீட்டர் சொச்சம்) வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கும். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை ஓர் இடிமழையைக் ‘கடுமையானது’ என்று வகைப்படுத்த, காற்று 50 நாட்டைத் தொட்டால் போதும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வேலையில் பாதி புரிந்துவிடும். தான் காற்றை நோக்கிப் போகிறோமா, காற்று தன்னை நோக்கி வருகிறதா என்று இறக்கைக்குத் தெரியாது. என்ஜினை அணைத்துப் பூட்டிவிட்டு வந்த விமானமும் பறக்கும். இறங்கத்தான் அதற்குத் தெரியாது.

நான் ஃபெர்ரி பைலட். அரிசோனாவில் ஒருவர் தன் பழைய விமானத்தை விற்பார், ஒஹையோவில் ஒருவர் வாங்குவார். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. 110 நாட் சொச்சத்தில் போகிற சின்ன விமானம். வழியில் எங்காவது ராத்தங்கியே ஆக வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த இரவுகள் டெக்சஸ், ஒக்லஹோமா, கான்சஸ் பக்கம் வந்து விழும். இடிமழைக்கும் ஆலங்கட்டிக்கும் சூறாவளிக்கும் பேர்போன மாநிலங்கள், அதுவும் சரியான பருவத்தில். விமானத்தின் சொந்தக்காரருக்கு ஊரில் ஹாங்கர், அதாவது விமானக் கொட்டகை, இருக்கும். வழிப்போக்கனான எனக்கு எல்லாமே இரவல்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர். நாங்கள் பார்த்த புயல் வேறு. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்பார்கள், அப்புறம் மண்டலம், அப்புறம் ஒரு பெயர், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் எங்கள் கரையைக் கடந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதுகூட வருவதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தது. ஒக்லஹோமாவில் மதியம் இரண்டு மணிக்கு வானம் சுத்தமான நீலம். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் முட்டிக்கொள்ளும் கோட்டை ‘ட்ரை லைன்’ என்பார்கள். வெயில் ஏறியதும் அந்தக் கோட்டில் மேகம் கிளம்பும். ஒரு மணி நேரத்துக்குள் 40,000 அடியைத் தாண்டிவிடும்.

எந்த ஊரில் வெடிக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. எந்த வட்டாரத்தில் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம், ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்து வரைபடம் வெளியிடுகிறது. காலையில் காபிக்கு முன்னால் நான் பார்ப்பது அதைத்தான். வண்ணம் தீட்டிய பகுதிக்குள் அன்றைய இரவு விழுகிறது என்றால், விமானத்துக்கு எந்தக் கூரை என்பதை அப்போதே போனில் பேசி முடித்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேற்கே கறுத்த பிறகு கேட்டால், ஊர்ப்பட்ட விமானங்களும் அந்தக் கூரைக்குள் போய்விட்டிருக்கும்.

இடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. விலை பேசக் கூடாது. ஒரே இரவுதான் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மேல் இறக்கை விமானம், அதாவது இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும் ரகம், என்பதையும் சேர்த்துச் சொன்னால் வேலை சுலபம். மேற்கு ஒக்லஹோமாவில் ஒரு சின்ன விமான நிலையத்தில், ஹாங்கர் நிறைந்துவிட்டது என்று போனில் கைவிரித்த பெரியவர், இதைக் கேட்டதும் ‘சரி, வா’ என்றார். உள்ளே கீழ் இறக்கை கொண்ட ஒரு பைப்பர் விமானம் நின்றது. நாங்கள் இருவரும் செஸ்னாவைப் பின்பக்கமாகத் தள்ளினோம். பைப்பரின் இறக்கைக்கு மேலே என் இறக்கை ஊர்ந்து போனது. வால் பக்கம் இரும்புத் தூண், முன்னால் இன்னொருவரின் புரொப்பெல்லர். எங்கும் கையகல இடைவெளிதான். அவர் குனிந்து பார்த்து விரலாலேயே சைகை காட்ட, ஒவ்வோர் அங்குலமாக நகர்த்தினேன். அன்று இரவு கோல்ஃப் பந்து அளவில் ஆலங்கட்டி விழுந்தது. மோட்டலுக்கு வெளியே நின்ற கார்களின் கூரையெல்லாம் குழி குழியாகிவிட்டது.

ஆலங்கட்டிக்குக் கூரையைத் தவிர வேறு மருந்து கிடையாது. இறக்கையின் மேல்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அலுமினியம். பஞ்சு வைத்த போர்வைகள் விற்கிறார்கள். ஆலங்கட்டிக்கு முன்னால் வரும் காற்றே அவற்றைக் கொண்டுபோய்விடும் என்பது என் அபிப்பிராயம். இறக்கையில் இருக்கும் எய்லரான், வாலில் இருக்கும் எலிவேட்டர் போன்ற அசையும் பாகங்களில் குழி விழுந்தால் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்துவிட முடியாது. அவற்றின் சமநிலையே மாறிப்போகும்.

கூரை கிடைக்காத இரவில் கயிறு. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலுக்கு ஒன்று. தரையில் வளையம் இருக்கும்; பல இடங்களில் கயிறும் கட்டிக் கிடக்கும். அந்தக் கயிற்றை நான் தொடுவதில்லை. எத்தனை கோடை வெயில் தின்ற கயிறோ. சொந்த நைலான் கயிறு எப்போதும் கூடவே வரும். மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும். மாட்டை முளையில் கட்டுவதுபோலத் தாராளமாக விட்டாலும் ஆபத்துதான். விமானம் துள்ளித் துள்ளி, ஒவ்வொரு துள்ளலிலும் கயிற்றை வெட்டி இழுக்கும். ஓர் அங்குலத் தளர்வு போதும். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. 1983-இல் ஒரு சுற்றறிக்கை போட்டது. ஒற்றை என்ஜின் விமானத்துக்கு, கயிறு கட்டும் ஒவ்வொரு முளையும் சுமார் 3,000 பவுண்ட் இழுவை தாங்க வேண்டும் என்கிறது அது. முழுச் சுமையோடு இருக்கும் 172-இன் எடையே 2,500 பவுண்ட் பக்கம்தான்.

காற்று விமானத்தையே தூக்கிவிடும் என்ற இந்தக் கணக்கை 2011 மார்ச் 31 அன்று ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில் பலர் கண்ணால் பார்த்தார்கள். சன் என் ஃபன் விமானத் திருவிழாவுக்கு வந்து நின்றிருந்த விமானங்களின் மேல் சூறாவளி புகுந்து, பலவற்றைக் கவிழ்த்துப் போட்டது. பிடுங்கிக்கொண்டு வருகிற முளையில் எவ்வளவு நல்ல கயிறு கட்டினால் என்ன? புல்தரையில் நிறுத்த நேர்ந்தால் மண்ணை ஒரு முறை உதைத்துப் பார்ப்பேன். பொலபொலவென்று இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

கயிற்றுக்கு அடுத்தது கன்ட்ரோல் லாக், அசையும் பாகங்களுக்கான பூட்டு. பைலட்டின் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் துளைக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகினால் எய்லரானும் எலிவேட்டரும் அசையாது. கம்பியோடு வரும் சிவப்புத் தகடு சாவித் துவாரத்தை மறைக்கும், மறந்துபோய் ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்க. கைமாறி வரும் பழைய விமானங்களில் பெரும்பாலும் இந்தக் கம்பி தொலைந்துபோய், அந்த இடத்தில் ஒரு ஆணி இருக்கும். அந்த ஆணியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கும். ஆணியில் சிவப்புத் தகடு கிடையாது, காலையில் மறந்தால் நினைவூட்ட ஆள் கிடையாது. 172-இல் இந்தக் கம்பி, வாலில் நிமிர்ந்து நிற்கும் ரடரைப் பிடிக்காது. அதற்கு வெளியிலிருந்து தனியாக ஒரு கவ்வி மாட்ட வேண்டும். பெட்ரோலையும் இரவே நிரப்பிவிடுவேன். நூறு கிலோவுக்கு மேல் எடை சும்மா கிடைக்கிறதே, எதற்கு விட வேண்டும்?

சில நாள் இதெல்லாம் தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. போகாமல் இருப்பது. ஒரு வசந்தத்தில் நியூ மெக்சிகோவின் டுக்கும்காரியில் அப்படித்தான் நின்றுவிட்டேன். ட்ரை லைன் எனக்குக் கிழக்கே, டெக்சஸுக்குள் இருந்தது. வாங்கியவர் போன் மேல் போன். இங்கே வெயில் அடிக்கிறதே என்றார். காக்பிட்டில் ரேடார் தெரியும்போது இடுக்கில் புகுந்து வர முடியாதா என்றும் கேட்டார். அந்தத் திரையில் தெரியும் படம், அதில் போட்டிருக்கும் நேரத்தைவிட 15 முதல் 20 நிமிடம்வரை பழையதாக இருக்கக்கூடும் என்று விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. 2012-இலேயே எச்சரித்திருக்கிறது. கடுமையான இடிமழையை 20 மைல் தள்ளியே கடக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. அந்த மேகங்களுக்கு நடுவே அவ்வளவு இடுக்கு இல்லை என்று சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

அதற்குப் பிறகு என் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தேன்: வானிலைக்காக நிற்கும் நாளின் அறை வாடகையும் ஹாங்கர் கட்டணமும் வாங்குபவரைச் சேர்ந்தது, நிற்பதா போவதா என்பது பைலட்டைச் சேர்ந்தது. இந்த இரண்டாம் பாதியை அடித்துவிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு பைலட்டின் நம்பரைக் கொடுத்துவிடுவேன்.