பாடத்திட்ட வரைவுக்குக் கருத்து அனுப்பப் போகிறீர்களா? என் அனுபவத்தைப் படித்துவிட்டு அனுப்புங்கள்

பாடத்திட்ட வரைவு வெளியாகி, ஆசிரியர்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தால், 'எங்கள் ஊரைப் பற்றிப் பாடத்தில் ஒன்றுமே இல்லை' என்று நாலு பக்கம் எழுதி அனுப்பாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். எந்த வகுப்பு, எந்த அலகு, எந்தக் கற்றல் விளைவு (பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது), அதில் எதைச் சேர்க்க வேண்டும், இவ்வளவும் ஒரே பார்வையில் தெரிந்தால்தான் குழுவின் மேசை வரைக்கும் போகும். இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. அலைந்து தெரிந்துகொண்டது.

2017 நவம்பரில் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான தமிழ்நாட்டுப் பாடத்திட்டக் குழுவின் வரைவு வெளியானபோது நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. வரைவைப் பதிவிறக்கியது, படித்தது, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு கூடிப் பேசியது எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. நாங்கள் கேட்டது மூன்றே விஷயம். பேரிடர் மேலாண்மை வரும் இடத்தில் 1964 டிசம்பர் புயல் வேண்டும். தனுஷ்கோடியே அழிந்துபோனது, பாம்பனிலிருந்து போன ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது, அதைச் சொல்ல இன்னும் வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். பண்டைய வணிகம் வரும் இடத்தில் அழகன்குளம் வேண்டும். ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்த வைகை முகத்துவாரத்து ஊர், 2016-17இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே மறுபடியும் தோண்டியிருந்தது. இந்த இரண்டையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாவது, மன்னார் வளைகுடா.

21 தீவுகள், 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா, பவளப்பாறை, கடல்பசு என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் என் வகுப்பில் பல பிள்ளைகளின் அம்மாக்கள் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். விரல் கிழியாமல் இருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக் கையால் பறித்து எடுப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் போவார்கள், மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று அவர்களே விட்டுவிடுவார்கள். ஆனாலும் தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடித்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், தீவைப் பாதுகாக்கணும்னு சொல்றீங்க, அப்ப எங்க அம்மா தப்பு பண்றாங்களா?" என்று கேட்டாள். பாதுகாப்பும் பிழைப்பும் மோதுகிற இடத்தில் இரண்டு பக்கத்தையும் எடைபோடத் தெரிய வேண்டும் என்பது கற்றல் விளைவாக எழுத்தில் இருந்தால், ஒவ்வொரு ஆசிரியரும் அதைப் பேசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலோடு முடிந்துவிடும்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் உரிய வழியில் அனுப்பச் சொன்னார்கள். அரை நாள் விடுப்பு போட்டுப் பேருந்து பிடித்துக் கல்வித்துறை அலுவலகத்துக்குப் போனால், தபால் பிரிவில் இருந்தவர் கையில்கூட வாங்காமல், "தலைமையாசிரியர் முகப்புக் கடிதம் எங்க டீச்சர்?" என்றார். சுற்றறிக்கையில் அப்படி ஒரு வரியே கிடையாது. தலைமையாசிரியரோ அந்த வாரம் பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி போனேன். அதே ஆள், இந்த முறை முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இது பாடநூலுக்கான கருத்து, பாடத்திட்டத்துக்கு இல்ல, வாங்க முடியாது" என்றார். பாடத்திட்டத்தில் இல்லாதது பாடநூலில் எப்படி வரும் என்று கேட்டேன். அதற்கு அவர், "கோயம்புத்தூர்ல படிக்கிற பையனுக்குப் பாசி எதுக்கு டீச்சர்?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எங்க பிள்ளைங்க நீலகிரித் தேயிலையைப் படிக்கலையா சார்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பின்னால் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் அம்மா எழுந்து வந்தார். தாள்களை வாங்கி நின்றபடியே படித்தார். "விஷயம் நல்லா இருக்கும்மா, இப்படிக் கட்டுரையா இருந்தா எங்கேயும் சேர்க்க முடியாது, இந்த அட்டவணையில போட்டுக் கொண்டு வாங்க" என்று ஒரு மாதிரிப் படிவத்தைக் கொடுத்தார். அந்த ஒரு தாள் முதல் நாளே கைக்கு வந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

அதோடும் முடியவில்லை. பிரவுசிங் சென்டர் தம்பி அட்டவணையைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருந்தான், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது சரியாகத் தெரியாது. அச்சில் அழகாக இருந்தது. மின்னஞ்சலில் அனுப்பியதும், எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரிகிறது என்று பதில் வந்தது. கடைசித் தேதி நெருங்கிவிட்டது. ராத்திரி உட்கார்ந்து கைப்பேசியிலேயே, எந்தக் கணினியிலும் தெரிகிற யூனிகோடில் முழுவதையும் மறுபடி அடித்து அனுப்பினேன். அச்சுப் பிரதியையும் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் எண்ணும் வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து நகர்ந்தேன். முத்திரை இல்லாமல் வந்துவிடாதீர்கள், பிறகு கேட்டால் வரவே இல்லை என்பார்கள்.

சில வாரம் கழித்து, பாடம் எழுதும் பணியில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் போன் செய்தார். பாசிக்கு எந்த நாட்களில் போவார்கள், யாரிடம் விற்பார்கள் என்று விலாவாரியாகக் கேட்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மூன்று கோரிக்கைகளில் எதை ஏற்றார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை. 2018இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தபோதும் வரவில்லை. தபால் பிரிவு ஆள் பேசியதைக்கூட மறந்துவிட்டேன், இது இன்னும் ஆறவில்லை. நேரம் ஒதுக்கிக் கருத்துச் சொன்ன ஆசிரியருக்கு ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை, காரணம் இது என்று பதில் தரவேண்டும். அடுத்த முறை கருத்து அனுப்புகிறவர்கள் இந்தக் கோரிக்கையையும் கடைசி வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதிலிருந்து பாடத்திட்ட மாற்றப் பேச்சு ஆசிரியர்கள் நடுவே மறுபடியும் ஓடுகிறது. வரைவு வரட்டும் என்று காத்திருக்காமல், இப்போதிருக்கிற புத்தகத்தை வைத்தே எந்த அலகில் எதைச் சேர்க்கலாம் என்று குறித்து வையுங்கள். தனி அலகு கேட்டால் பக்கம் போதாது என்று தள்ளிவிடுவார்கள், இருக்கிற அலகிலேயே இடம் காட்டுங்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் பக்கத்து ஆசிரியர்கள் அட்டவணை மாதிரி வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், யூனிகோடிலேயே வைத்திருக்கிறேன்.