எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்? அறிவியல் புனைகதைப் பட வினாவுக்கு விடை எழுதும் முறை

திரைப்பட ஆய்வுத் தாளின் முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. தேறியாயிற்று, அந்த நிம்மதியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் ‘அறிவியல் புனைகதைப் படங்களில் சமூகக் கருப்பொருளும் கதைசொல்லலும்’ என்ற பெரிய வினாவில் எதிர்பார்த்ததில் பாதிதான் வந்தது என்று விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் பலர் புலம்புவதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. இவர்கள் எல்லாரும் படங்களை நான்கைந்து முறை பார்த்தவர்கள். மதிப்பெண் கைநழுவும் இடம் எது என்று யாரும் சொல்லித்தராததுதான் குறை. அடுத்த செமஸ்டரில் எழுதப்போகிறவர்களுக்கும் அரியர் வைத்திருப்பவர்களுக்கும் அந்த இடத்தைக் காட்டவே இது. தாளின் பகுதிகள், சாய்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. படத்தின் எந்தப் பிரதியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை விடையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே படம் வெவ்வேறு விதமாக வெட்டித் தொகுக்கப்பட்டு வந்திருக்கும்; அந்த வடிவங்களைத்தான் பிரதி என்கிறேன். ஜெராக்ஸ் நோட்ஸ் எதிலும் இது இருக்காது. இந்த வகைப் படங்களில் கத்தரி முதலில் விழுவது பெரும்பாலும் சமூகக் கருத்தின் மேல்தான். முடிவு மாறினால் படம் சொல்லும் அரசியலும் மாறிவிடும். நீங்கள் ஒரு பிரதியை மனத்தில் வைத்து எழுத, திருத்துபவர் வேறொன்றை மனத்தில் வைத்திருந்தால், சரியான விடையும் தவறாகத் தெரியும்.

‘பிளேட் ரன்னர்’ நல்ல உதாரணம். 1982-இல் திரையரங்குக்கு வந்த பிரதியில், செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகன் டெக்கார்டின் குரல் படம் நெடுக விளக்கம் சொல்லிக்கொண்டே வரும். கடைசியில் காதலியோடு பச்சை மலைகளுக்கு நடுவே காரில் போய்விடுவான். 1992 டைரக்டர்ஸ் கட்டில் அந்தக் குரலும் இல்லை, அந்தப் பயணமும் இல்லை. லிஃப்ட் கதவு மூடுவதோடு படம் முடிகிறது. ஒற்றைக்கொம்புக் குதிரை வரும் கனவும் சேர்ந்துகொள்கிறது. அதனால் வேட்டையாடுபவனே செயற்கை மனிதனோ என்ற ஐயம் வலுக்கிறது. 2007 ஃபைனல் கட்டும் இந்த வழியிலேயே போகிறது. முதல் பிரதியை வைத்து ‘தனிமனிதன் அமைப்பிலிருந்து தப்பிக்கிறான்’ என்று எழுதலாம். பிந்தைய இரண்டையும் வைத்து அப்படி எழுத முடியாது. ‘பிளேட் ரன்னர் நம்பிக்கையோடு முடிகிறது’ என்று பிரதி சொல்லாமல் எழுதினால் மதிப்பெண் போகத்தான் செய்யும்.

இதே கதைதான் மற்றவற்றிலும்.

‘காட்ஸில்லா’, 1954, ஜப்பான், இயக்கம் இஷிரோ ஹோண்டா. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேல் விழுந்தது. அந்த நவம்பரிலேயே படம் வெளிவந்துவிட்டது. கடலில் ஒளி வெடிப்பதும் கப்பல் எரிவதும்தான் தொடக்கம்; அன்றைய ஜப்பானியப் பார்வையாளருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பிவந்த உயிர் இது என்று பேசுவாள். 1956-இல் அமெரிக்காவுக்காக ஒரு நிருபர் பாத்திரத்தைப் புகுத்தி மறுபடி வெட்டி ஒட்டியபோது அந்தப் பேச்சு போய்விட்டது. அணுச்சோதனை தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று ஜப்பானியப் பிரதியில் முதிய விஞ்ஞானி சொல்லும் முடிவு, அமெரிக்கப் பிரதியில் உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்ற தொனிக்கு மாறியது. யூடியூப் துண்டுகளை வைத்துப் படிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ (1956): விண்வெளியிலிருந்து வந்த உயிர்கள் ஊர் மக்களைப் போலவே உருவெடுத்து அவர்கள் இடத்தைப் பிடிக்கும் கதை. யாரும் நம்பாமல், நெடுஞ்சாலையில் நின்று நாயகன் கத்துவதோடு முடிய வேண்டிய படம். தயாரிப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சிகள் சேர்ந்தன. முடிவில் அதிகாரிகள் அவன் சொல்வதை நம்பி, உதவி கேட்க ஃபோனை எடுக்கிறார்கள். கம்யூனிசப் பயம் என்றும் படிக்கலாம், கம்யூனிஸ்ட் வேட்டையின் மீதான பயம் என்றும் படிக்கலாம். இரண்டையும் எழுதி, அந்த ஃபோன் அழைப்பு எந்த வாசிப்பைப் பலப்படுத்துகிறது என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பத்தி முழுமையாகிவிடும்.

‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் திரையிடப்பட்டது, பின்னர் பெருமளவு வெட்டப்பட்டது. ஹெல் என்ற இறந்துபோன பெண்ணைப் பற்றிய கிளைக்கதை அப்படியே போனது. அவளை ஒரு காலத்தில் காதலித்தவன்தான் இயந்திரப் பெண்ணைச் செய்யும் ரோட்வாங். அவள் மணந்ததோ நகரத்தை ஆளும் முதலாளியை. இந்தக் கிளைக்கதை இல்லாவிட்டால் ரோட்வாங் முதலாளியின் கையாளாகத்தான் தெரிவான். இருந்தால் முதலாளியைப் பழிவாங்கக் காத்திருப்பவனாகத் தெரிவான். 2008-இல் புவனஸ் அயர்ஸில் ஒரு 16 மி.மீ. பிரதி கிடைத்து, 2010-இல் ஏறத்தாழ முழுப் படமும் மீண்டது. உங்கள் விடை வர்க்கப் போராட்டம் பற்றியது என்றால் 2010 பிரதியையே பாருங்கள்.

இனி விடையின் உடல். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று சொல்பவர்கள் குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் இந்த வரிசையில் போங்கள்:

1. விதி: நம் உலகத்திலிருந்து இந்தப் படம் மாற்றியிருக்கும் ஒரே ஒரு விஷயம். ஒரு வாக்கியம்.
2. விலை: அந்த விதியால் யார் அடிபடுகிறார்கள், யாருக்கு லாபம். இரண்டு வாக்கியம்.
3. காட்சி: அது கண்ணில் தெரியும் ஒரு காட்சி. நான்கைந்து வாக்கியம்.
4. உத்தி: கேமரா, தொகுப்பு, ஒலி, இடம் இவற்றில் ஒன்று அந்தக் காட்சியில் என்ன செய்கிறது. மூன்று வாக்கியம்.
5. விரிசல்: படம் தன் கருத்தைத் தானே எங்கே மீறுகிறது. இரண்டு வாக்கியம்.

முதல் படிக்குக் கோட்பாட்டுப் பெயர் வேண்டும் என்றால் ஆய்வாளர் டார்கோ சுவினின் ‘நோவம்’ (கதையுலகை நம் உலகிலிருந்து பிரிக்கும் புதுமை) போதும், 1979 நூல். அதற்கு மேல் கோட்பாடு அடுக்க வேண்டாம். இடம் வீணாகும்.

நான்காவது படியில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ‘ஒளிப்பதிவு அருமை’ என்று எழுதினால் எதுவும் கிடைக்காது. ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதி: 18 ஆண்டுகளாக உலகில் குழந்தையே பிறக்கவில்லை, கதை நடப்பது 2027 பிரிட்டனில். விலை: அகதிகள் கூண்டில் அடைக்கப்படுகிறார்கள். காட்சி: ரயில் நிலையம். நாயகன் தியோ கூண்டுகளைத் தாண்டித் தன்பாட்டுக்கு நடக்கிறான். கேமரா அவனை விட்டுவிட்டுக் கூண்டில் இருப்பவர்கள் பக்கம் திரும்பி நிற்கிறது. நாயகன் பார்க்க மறுப்பதை கேமரா பார்க்கிறது. இந்த ஒரு வரியை எழுதிவிட்டால், பிறகு காருக்குள் எடுத்த நீண்ட ஷாட்டைப் பற்றி வியப்பெல்லாம் தேவையில்லை. அந்த நீண்ட ஷாட்டைத்தான் எல்லாரும் எழுதுவார்கள்; நீங்கள் கூண்டை எழுதுங்கள். கூடுதலாக ஒன்று: பி. டி. ஜேம்ஸின் 1992 நாவலில் மலட்டுத்தன்மை ஆண்களுக்கு, படத்தில் பெண்களுக்கு. ஏன் மாற்றினார்கள் என்பது ஐந்தாவது படிக்கு நல்ல தீனி.

‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009) ஏறக்குறைய எல்லா விடைத்தாளிலும் வருகிறது, ஏறக்குறைய எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். ‘வேற்றுக்கிரகவாசிகள் = கறுப்பின மக்கள்’ என்று சமன்பாடு போட்டு முடித்துவிடுகிறார்கள். பின்னணி நிச்சயம் வேண்டும். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். படத்தின் தலைப்பே அதை நினைவூட்டுகிறது. ஆனால் படத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பின மக்களும் அந்த அந்நியர்களை வெறுக்கிறார்கள். இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப் இதற்கு முன் எடுத்த குறும்படத்துக்காக, அண்டை ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி உண்மையான மக்களிடம் கேள்வி கேட்டு, அந்தப் பதில்களை வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றியதாகப் பொருத்தினார். எனவே பழைய இனஒதுக்கலும் புதிய குடியேறிகள் மீதான வெறுப்பும் ஒரே உருவில் கலந்திருக்கின்றன. சமன்பாடு போட்டால் இரண்டாவது மறைந்துவிடும்.

உத்திக்கு: படம் ஆவணப்படம்போல் தொடங்குகிறது. பேட்டி, செய்திக் காட்சி, கண்காணிப்பு கேமரா. கொஞ்ச நேரத்தில் எந்தப் படக்குழுவும் இருக்க முடியாத இடத்தில், ஒரு வேற்றுக்கிரகத் தந்தையும் மகனும் தனியே பேசுவதைக் காண்கிறோம். ஆவணப்பட வடிவம் உடையும் அந்த இடத்தில்தான் நம் பரிவு அவர்கள் பக்கம் போகிறது. அதுவரை அவர்களைப் பற்றிப் பிறர் பேசியதையே கேட்டோம். விரிசலுக்கு: நைஜீரியர்களைக் கொள்ளைக் கூட்டமாகவே காட்டியதால் நைஜீரிய அரசு 2009-இல் படத்தை எதிர்த்தது. வெறுப்புக்கு எதிரான படம் இன்னொரு வெறுப்பை வளர்க்கிறது என்று எழுதத் தயங்க வேண்டாம்.

‘கட்டாக்கா’ (1997) தமிழ் மாணவர்களுக்கு ஒரு பொறி. மரபணு வைத்துப் பிறப்பிலேயே தரம் பிரிக்கும் சமூகம் என்றதும் ‘இது சாதி’ என்று எழுதக் கை பரபரக்கும். ஒப்பிடலாம், ஆனால் வேறுபாட்டையும் எழுதுங்கள். படத்தில் தகுதி குறைந்தவன் என்று ஒதுக்கப்படும் வின்சென்ட்டும் தகுதியுள்ள ஆன்டனும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள். சாதி வம்சத்தோடு வருவது. இங்கே பிரிவு ஒரே வீட்டுக்குள் விழுகிறது, அதைப் பெற்றோரின் பணமும் விருப்பமும் தீர்மானிக்கின்றன. ஒத்துப்போகும் இடம் வேறொன்று: பாகுபாடு காட்டுவது சட்டப்படி குற்றம், ஆனால் யாரும் அந்தச் சட்டத்தை மதிப்பதில்லை என்று வின்சென்ட்டே சொல்கிறான். வேலைக்கான நேர்காணல் ஒரு சிறுநீர்ச் சோதனையோடு முடிந்துவிடுகிறது. அந்தக் காட்சியை எடுத்து எழுதினால் உங்கள் ஒப்பீடு நிற்கும். உத்திக்கு, வின்சென்ட்டுக்குத் தன் அடையாளத்தைக் கொடுக்கும் ஜெரோமின் வீட்டுச் சுழல் படிக்கட்டு இருக்கிறது. மரபணுவின் முறுக்கிய ஏணி வடிவில் அமைந்த அதன்மேல், கால் வழங்காத, ‘குறையற்ற’ மரபணு கொண்ட ஜெரோம் கைகளால் தன்னை இழுத்துக்கொண்டு ஏறுகிறான்.

‘ஸ்னோபியர்சர்’ (2013) பற்றிச் சுருக்கமாக: ஓயாமல் ஓடும் ஒரு ரயிலில் பணக்காரர்கள் முன்பக்கம், ஏழைகள் கடைசிப் பெட்டியில். ரயிலின் முன்பக்கம் பெரும்பாலும் திரையின் வலப்பக்கத்தில் இருக்கும், கலகக்காரர்கள் இடமிருந்து வலமாக நகர்வார்கள். கலகத் தலைவன் கர்ட்டிஸ் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்தாலே முடிவெடுக்கும் தருணங்கள் தெரியும். இங்கும் பிரதி விவகாரம் உண்டு. அமெரிக்க விநியோக நிறுவனம் 20 நிமிடம் வெட்டச் சொன்னது. இயக்குநர் போங் ஜூன்-ஹோ ஒப்பவில்லை. படம் வெட்டுப்படாமல், குறைந்த திரையரங்குகளில் வந்தது.

இந்தியப் படத்தோடு ஒப்பிடச் சொன்னால் ‘எந்திரன்’ (2010) போதும். எரியும் கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ரோபோ சிட்டி அப்படியே தூக்கிவந்து கேமராக்கள் முன் நிறுத்துகிறது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளை தெரிந்த இயந்திரத்துக்கு மானம் தெரியவில்லை என்பது படத்தின் வாதம். அவளைக் கொன்ற கூச்சத்தைப் படம் கேள்வி கேட்கிறதா, இயந்திரத்தின் குறையாக மட்டும் பார்க்கிறதா? விரிசல் பகுதிக்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. கிளைமாக்ஸ் கிராஃபிக்ஸைத் தொடவே வேண்டாம்.

தயாரிப்புக்கு:

- நான்கு படம் போதும். பதினைந்து படப் பெயர்களை உதிர்ப்பவருக்கு ஒரு காட்சியைக்கூட முழுசாகச் சொல்ல இடம் இருக்காது.
- ஒவ்வொன்றையும் மூன்று முறை பாருங்கள். முதல் முறை குறிப்பெடுக்காமல். இரண்டாம் முறை முதல் 12 நிமிடத்தை நிறுத்தி நிறுத்தி. விதி எப்படிச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள், செய்தி அறிக்கையா, உரையாடலா, பின்னணிச் சுவரொட்டியா. மூன்றாம் முறை தேர்ந்தெடுத்த காட்சியை மட்டும் ஒலி இல்லாமல்.
- ஒரு படத்துக்கு ஒரு அட்டை. மேல் வரியில் ஆண்டு, இயக்குநர், பிரதி. கீழே ஐந்து படிகள்.
- படம் வந்த ஆண்டையும் கதை நடக்கும் ஆண்டையும் வேறு மையில் எழுதுங்கள். ‘பிளேட் ரன்னர் 2019’ என்று எழுதிவிட்டு அது வந்த ஆண்டு என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு.
- ‘அறிவியல் வரமா சாபமா’ என்று தொடங்காதீர்கள். அது பள்ளிக் கட்டுரை.

ஹாலில் ஒரு பெரிய வினாவுக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 5 நிமிடம் திட்டம், 22 நிமிடம் எழுத்து, 3 நிமிடம் சரிபார்ப்பு. திட்டத்தைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். இரண்டு படங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். இரண்டும் ஒரே கருப்பொருளாக இருந்து உத்தி மாறினால் ஒப்பீடு தானாக அமையும்: இடப்பெயர்வுக்கு ‘டிஸ்ட்ரிக்ட் 9’, ‘சில்ட்ரன் ஆஃப் மென்’, வர்க்கத்துக்கு ‘மெட்ரோபோலிஸ்’, ‘ஸ்னோபியர்சர்’. இரண்டாவது ஜோடியில் ஒன்று மேலும் கீழுமாக அடுக்கிய நகரம், மற்றொன்று முன்னும் பின்னுமாக ஓடும் ரயில். ஒன்றில் முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்குகிறார்கள், மற்றொன்றில் வண்டியே கவிழ்கிறது. முடிவுப் பத்தியை இந்த இரண்டு படிமங்களிலிருந்தே எழுதலாம்.

சரிபார்க்கும் 3 நிமிடத்தில் எழுத்துப்பிழை தேட வேண்டாம். முதல் பத்திக்குப் போய்ப் பிரதியின் ஆண்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் படப் பெயருக்கு மேலே சின்னதாகச் சேர்த்துவிடுங்கள். ஓரத்தில் எழுதினால் திருத்துபவர் கண்ணில் படாமல் போகலாம்.