சதுப்புக்குக் கணக்கு எழுதிய ஆண்டுகள்

கோத்தகிரிக்கு அருகே இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் பதினான்கு ஆண்டுகள் நிதிப் பொறுப்பில் இருந்தேன். மலைச் சதுப்புகளை மீட்கும் பணிக்குப் பணம் கேட்டுத் திட்ட அறிக்கை எழுதுவதும், வந்த பணத்துக்குக் கணக்கு முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவதும் என் வேலை. சதுப்பில் இறங்கி மண்வெட்டி பிடித்தவர்கள் வேறு பலர். ஆனால் அவர்கள் எந்த மாதத்தில் இறங்கினார்கள், எந்த மாதத்தில் கைகட்டி நின்றார்கள் என்பதைப் பெரும்பாலும் என் மேசையில் கிடந்த தாள்களே முடிவு செய்தன.

நீலகிரியின் சதுப்பைப் பார்த்திராதவர்கள் அதை ஏரி என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டு புல்மேடுகள் சேரும் தாழ்வில், கோரையும் பாசியும் மூடிக் கிடக்கும் கறுத்த நிலம் அது. தண்ணீர் மேலே தெரியாது. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், எடுத்ததும் அந்தக் குழியில் பழுப்பு நீர் ஊறி நிறையும். முழுதாக மக்காத புல்லும் வேரும் பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து உண்டான மண் அது. சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் எடுத்த இத்தகைய படிவுகளிலிருந்து ஆய்வாளர்கள் 40,000 ஆண்டுகள் வரையிலான பருவநிலை வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் நீரைக் குடித்து வைத்து, மாசியிலும் பங்குனியிலும் ஓடைக்குக் கசியவிடுவது இந்த மண்தான். தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் இங்கேதான் வளர்கிறது. உயர்ந்த மலைப் புல்வெளிகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை இங்கேதான் இரை தேடுகிறது. கோடையில் ஓடை அறாமல் இருந்தால்தான் கீழே மீனும் நண்டும் பிழைக்கும். அவை பிழைத்தால்தான் நீர்நாய் வரும்.

இவ்வளவையும் அழிக்க ஒரு வாய்க்கால் போதும். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவதற்காகச் சதுப்பின் நடுவே வெட்டிய வடிகால் ஆண்டு முழுவதும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நிலம் காய்ந்ததும் ஓரத்திலிருந்து, வாட்டில் என்று ஆங்கிலத்தில் சொல்லும் அயல்நாட்டுச் சீகை மரம் உள்ளே வரும். அது வந்துவிட்டால் கோரைக்கு வெயில் கிடைக்காது.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு முதல் பெரிய தொகை வந்தது. கொடுத்த நிறுவனம் எத்தனை மரக்கன்றுகள் நடுவீர்கள் என்று கேட்டது. சதுப்புக்கு மரக்கன்று தேவையில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், பணம் கைநழுவிப் போகக்கூடாது என்ற எண்ணத்தில், சதுப்பின் விளிம்பில் சோலை மரங்கள் நடுவதாக அறிக்கை எழுதிக் கொடுத்தேன். திறந்த புல்வெளியில் நட்ட கன்றுகளை மார்கழி, தை மாதங்களின் உறைபனி கருக்கிவிட்டது. பணியாளர் ஒருவர் கருகிய கன்றுகளைப் பிடுங்கி வரிசையாகப் படுக்கவைத்துப் படம் எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் வைத்தார். பனிதான் காரணம் என்று அறிக்கையில் எழுதினேன். அதை எழுதியதைவிட, அந்தக் கன்றுகளை அங்கே நட வைத்ததற்காகவே இன்றும் வருந்துகிறேன். அந்தப் பணத்தில் இரண்டு வடிகால்களை அடைத்திருக்கலாம்.

வடிகாலை அடைப்பது பார்வைக்குச் சிறிய வேலை. அங்கேயே வெட்டிய சீகைக் கழிகளை வாய்க்காலின் குறுக்கே நெருக்கமாக அடித்து இறக்கி, பின்னால் மண் நிரப்பிய சணல் சாக்குகளை அடுக்கி, மேலே புல் கரணைகளைப் பதிக்க வேண்டும். இப்படிப் படிப்படியாகப் பல தடுப்புகள் போட்டால் நீர் ஓடுவதை விட்டுப் பரவத் தொடங்கும். அது பரவுகிறதா என்பதை அறிய, துளையிட்ட பிவிசி குழாய்களைச் சதுப்பில் நட்டு, வாரம் ஒருமுறை அளவுகோலை உள்ளே விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்வோம். முதல் கோடையில் அந்த நோட்டுப் புத்தகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் கோடையில், சித்திரை மாதத்திலும் கோலின் நுனி நனைந்து வந்தது.

சீகையை ஒருமுறை வெட்டினால் தீராது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்ததும் வெள்ளாமை போல முளைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது பிடுங்கினால் நாற்றுகள் வேரோடு கையில் வரும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் மறு ஆண்டு அரிவாள் வேண்டும், அதற்கடுத்த ஆண்டு கோடரி வேண்டும். முதல் ஆண்டு மரம் வெட்டுவதற்குப் பணம் தர ஆள் இருக்கிறது. முன்னும் பின்னும் படம் எடுத்துக் காட்டலாம். நான்காம் ஆண்டு ஐந்து பெண்கள் குனிந்து நாற்றுப் பிடுங்கும் கூலிக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பெரும்பாலும் பதிலே வந்ததில்லை.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், வரம்புக்கு மேல் வருவாயோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் தம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழல் அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் பணத்தில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தது. அதற்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். ஆனால் அது மார்ச் 31ஐ நோக்கி ஓடும் பணம். சதுப்பில் வடிகால் அடைக்கவும் மரம் வெட்டவும் ஏற்ற காலம் தை முதல் வைகாசி வரை, நிதியாண்டின் இரு பக்கமும் கால் வைத்து நிற்கிறது. மலைப் பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அது வந்து சேரும்போது ஆண்டு முடியப் போயிருக்கும். 2021இல் வந்த திருத்த விதிகள், தொடர் திட்டம் என்று அறிவித்தால் தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று நிதியாண்டுகள் செலவிட இடம் தருகின்றன. அந்த விதியை எடுத்துச் சொல்லியும், ஓராண்டிலேயே முடித்துவிடலாமே என்று கேட்ட அதிகாரிகளையே அதிகம் சந்தித்தேன். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்ற தொகையை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தருவது தடைசெய்யப்பட்டது. பெரிய அமைப்புகள் வழியாக எங்களுக்கு வந்துகொண்டிருந்த சிறு தொகைகள் அத்துடன் நின்றன.

அமெரிக்காவில் ஈரநிலங்களுக்கு எப்படிப் பணம் திரட்டுகிறார்கள் என்று அந்த நாட்களில் தேடிப் படித்தேன். 16 வயது நிறைந்த எவரும் அங்கே நீர்ப்பறவை வேட்டைக்குப் போக வேண்டுமானால் அஞ்சல்தலை போன்ற ஒரு முத்திரை வாங்க வேண்டும். 1934இல் ஒரு டாலருக்குத் தொடங்கிய அது இப்போது 25 டாலர்; அதில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் பறவைகளின் வாழிடத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. 1989இல் வந்த ஈரநிலச் சட்டம், மத்திய அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது ஒரு டாலரை வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும் என்கிறது. வேட்டையை இங்கே யாரும் விரும்பப் போவதில்லை. நீரால் பயன்பெறுகிறவரே நீர்நிலைக்கு ஆண்டுதோறும் சிறிது தர வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் என் மனத்தில் தங்கியது.

நம் அரசும் தமிழ்நாடு ஈரநில இயக்கத்தைத் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 100 ஈரநிலங்களுக்குச் சுமார் 115 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024இல் கோத்தகிரியின் லாங்வுட் சோலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது மனம் நிறைந்தது. பட்டியலுக்கு வெளியே, ஊருக்கு ஒன்றாகக் கிடக்கும் பெயரில்லாத சதுப்புகளே எங்கள் கவலை.

அப்படி ஒரு சதுப்பின் கீழே இருக்கும் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், ஒரு கூட்டம் போட்டோம். நிறுவனத்தின் பணம் நின்றுவிட்டது, நாற்றுப் பிடுங்க வழியில்லை என்று சொன்னேன். எல்லாரும் பேசி முடித்தபின் ஒரு மூதாட்டி, "தம்பி, ரெண்டு வருஷமா பங்குனியிலயும் எங்க குழாயில தண்ணி வருது. அதுக்கு முன்னால லாரிக்குக் குடுத்தோமில்ல, அந்தக் காசை இதுக்குக் குடுப்போம்" என்றார். ஊர்த் தலைவர் வீட்டுக்கு இவ்வளவு என்று அங்கேயே தொகை வைத்தார். தேயிலைப் பறிப்பு இல்லாத இரண்டு நாட்களில் வீட்டுக்கு ஓர் ஆள் வருவதென்றும் முடிவாயிற்று.

பணியை விட்டு விலகிய பிறகும் கார்த்திகை கழிந்ததும் அங்கே போய் வருகிறேன். சென்ற முறை ஓடை இறங்கும் இடத்தில், ஈரமான பாறையின்மேல் நீர்நாயின் எச்சம் கிடந்தது. உடைந்த நண்டு ஓடுகள் அதில் செம்மையாக மின்னின. மேலே சதுப்பில் பெண்கள் பிடுங்கிய நாற்றுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டுக் கூலியில் பாதி ஹட்டியின் கையில் சேர்ந்துவிட்டது. மற்றப் பாதிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். தொடர் திட்டம் என்ற சொல்லை முதல் வரியிலேயே வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.