மாமாவின் விலா வலி

இருதய வால்வில் கோளாறு உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், வால்வில் கிருமி ஒட்டியிருக்கலாம்; ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுக்க வேண்டும். பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் தாய்மாமா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இருதயத்தின் இடது பக்கம் உள்ள மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. லேசான கசிவுதான் என்று அதோடு பழகிவிட்டார். போன வருஷம் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டும், சோறு இறங்காது. காட்டிய இடத்தில் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். வால்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ச்சல் விடும், மறுபடி வரும். அப்புறம் இடது விலாவுக்குக் கீழே வலி. "கேஸா இருக்கும் கண்ணு" என்றார்.

ஒரு நாள் அறுந்த பாவு நூலை முடியும்போது வலது கை துவண்டது. "என்னாச்சுங்க?" என்று அத்தை கேட்டதற்குப் பேச்சு குழறியது.

கோயம்புத்தூரில் எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்தார்கள். வால்வில் 14 மி.மீ. நீளத்துக்குக் கிருமியும் ரத்தத் தட்டணுக்களும் உறைந்து திரண்டு, துடிப்புக்குத் துடிப்பு ஆடிக்கொண்டிருந்தது. தறிக்குடோனில் பஞ்சுத்தூசி நூலில் திரண்டு, ஒரு இழுப்பில் பிய்ந்து போகுமே, அதேதான். இடது பக்க வால்விலிருந்து பிய்ந்தால் மூளை, மண்ணீரல், சிறுநீரகம், கால் என்று எங்கு வேண்டுமானாலும் போய் அடைக்கும். வலது பக்கமென்றால் நுரையீரல். மாமாவின் விலா வலி கேஸ் இல்லை, மண்ணீரலில் போய் அடைத்த துணுக்கு. கை விழுவதற்கு முன்பே உடம்பு சொல்லியிருக்கிறது.

"வாதம் வந்தா கரைக்கிற ஊசி போடுவாங்களே, ஏனுங்க போடலை?" என்று அத்தை தவித்தார். கிருமி உள்ள துணுக்கு ரத்தக்குழாயின் சுவரையே அரித்துவிடும், அந்த ஊசி போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதற்கு மருந்து ஆன்டிபயாடிக்தான், நரம்பு வழியாக, 6 வாரம் வரை. சரியான மருந்து ஏறத் தொடங்கி 2 வாரம் கடந்துவிட்டால் புதிதாகத் துணுக்கு பிய்வது வெகுவாகக் குறைந்துவிடுமாம். ஆனால் வால்வில் திரண்டது 10 மி.மீ.க்கு மேல் இருந்து, ஏற்கெனவே ஒன்று பிய்ந்தும் போயிருந்தால் காத்திருப்பது ஆபத்து. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியானதும் வால்வை மாற்றினார்கள்.

எனக்கு ஆறாதது கல்ச்சர் விஷயம். 3 தடவை ரத்தம் எடுத்தும் எதுவும் வளரவில்லை. முன்பு விழுங்கிய மாத்திரைகள் கிருமியை மறைத்திருக்கும் என்றார்கள். பெயர் தெரியாத கிருமிக்குத் தோராயமாகத்தான் மருந்து கொடுக்க முடிந்தது.

மாமாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. விரல்கள்தான் இன்னும் முடிச்சுக்கு வளையவில்லை. செயற்கை வால்வு என்பதால் இனி பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைச் சொல்லி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம் போட்டுக்கொள்ள வேண்டும். வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கி வால்வில் ஒட்டும் வழிகளில் அதுவும் ஒன்று. இதை எழுதிய சீட்டை அத்தை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.