மொட்டை மாடியில் ஊதா அவரை

ஆடியில் விதைத்த ஊதா அவரை, கார்த்திகை பிறந்த பிறகுதான் பூத்திருக்கிறது. காய்க்காக இல்லை, பார்க்க அழகாக இருக்குமே என்றுதான் போட்டேன். தண்டு, இலை நரம்பு, பூ, காய் எல்லாமே ஊதா. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ தோட்டத்தில் இன்றைக்கும் இதை அழகுக்கொடியாகப் பந்தலில் ஏற்றி விடுகிறார்கள். நாமோ பொரியலுக்கு நறுக்கிவிடுகிறோம்!

முதலில் ஆசைப்பட்டது சிவப்புப் பூ பூக்கும் ரன்னர் பீன்ஸுக்கு. அது மெக்சிகோ பக்கத்து மலைச்செடி. எங்கள் தண்டையார்பேட்டை வெயிலில் பூத்தாலும் பிஞ்சு நிற்காது. சரி, வேண்டாம் என்று விட்டாச்சு.

அவரை விதை கருப்பு. ஓரத்தில் விபூதிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ராத்திரி ஊறவைத்து குரோ பேக்கில் ஊன்றினேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய சாணம், அவ்வளவுதான். வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும். அதற்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் இலைதான் மதமதவென்று வரும்.

எங்கள் பக்கம் தண்ணீர்தான் தலைவலி. போர் தண்ணீர் உப்பு, அவரைக்கு உப்பு ஆகவே ஆகாது. அதனால் மெட்ரோ வாட்டர், மழை வந்தால் டிரம்மில் பிடித்த தண்ணீர். வீணாகப் போகிறதே என்று ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

பந்தலுக்குக் காசிமேட்டில் பழைய வலை வாங்கினேன். "இதுல இனிமே மீனு மாட்டாதுண்ணா, அவரைக்கா புடிங்க" என்று வலைக்காரர் சிரித்துக்கொண்டே சுருட்டிக் கொடுத்தார். மெல்லிய ஒற்றை இழை நரம்பு வலையில் கொடி நுனி வழுக்குகிறது, முறுக்கு நூல் வலையை விடாமல் பற்றிக்கொள்கிறது.

ஆவணி, புரட்டாசி முழுக்க வெறும் இலை. "என்னடா, மலட்டுக் கொடியா?" என்றார் அம்மா. பந்தல் அவரையில் பழைய ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். சென்னையில் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். கொடிக்கு அதுவே தெரிந்துவிடுகிறது! பொறுமை இல்லாதவர்கள் செடி அவரை போடலாம், ஆனால் அது வலை ஏறாது.

ஐப்பசி மழையில் முதல் மொட்டுகள் கொட்டிவிட்டன. இப்போது பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கின்றன, அடியிலிருந்து மேலாக மலர்கின்றன. கருவண்டு வந்து உட்கார்ந்தால் பூவின் கீழிதழ் அப்படியே தாழ்ந்து கொடுக்கிறது. கூடவே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்தாச்சு. எறும்பு ஏறினாலே நுனியைத் திருப்பிப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளித்தால் அடங்குகிறது.

பிஞ்சைப் பறித்துப் பொரியல் செய்தோம். வாணலியில் ஊதா போய்ப் பச்சையாகிவிடுகிறது, அம்மாவுக்கு அதில்தான் திருப்தி. முற்றிய விதையென்றால் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் நச்சுப்பொருள் உண்டு.

இப்போதைக்கு என் வேலை, பக்கத்து வீட்டு டிஷ் ஆண்டெனாவைப் பிடிக்கப் போகும் கொடியைத் தினமும் இந்தப் பக்கம் திருப்பிவிடுவதுதான்.