தாமதமான பதில்
தோழிக்கு இன்றும் ‘சாரிடி, வீட்டில் ஆள் வந்துட்டாங்க’ என்றுதான் பதில் தொடங்கினேன்.

பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இளவரசி எலிசபெத் ஞாபகம் வந்தது. நாடிழந்த குடும்பம், நெதர்லாந்தின் ஹேக் நகரில் அடைக்கலம். 1643 மே மாதம், 24 வயதில், தத்துவவாதி டேக்கார்ட்டுக்கு எழுதிக் கேட்டார்: உருவமில்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும்?

பதில் திருப்தியில்லை. ஜூனில் மறுபடி எழுதினார்.

அந்தக் கடிதத்தில் ஓர் இடம். குடும்ப விவகாரம், வருவோர் போவோரிடம் பேச்சு, உபசாரம்... இதில் யோசிக்க எங்கே நேரம் என்கிறார்!

அதே கடிதத்தில்தான், உருவமில்லாதது உடம்பை அசைக்கும் என்பதைவிட ஆன்மாவுக்கே உருவம் உண்டென்று ஒப்புக்கொள்வது எளிது என்று போட்டுடைக்கிறார்.

டேக்கார்ட் இறந்தபின் எலிசபெத்தின் கடிதங்களை அச்சிடக் கேட்டார்கள். மறுத்துவிட்டார். 1879இல்தான் வெளிவந்தன.

சரி, மூணாவது விசில். வருகிறேன்.