போடட்டுமா, வேண்டாமா

“மே தினத்தைப் பத்தி அவ்வளவு பேசுனீங்களே சார், நீங்களே சொல்லுங்க. கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?” என்று அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா கேட்டார். “போடுங்கக்கா” என்றேன். யோசிக்க இரண்டு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அந்த இரண்டு நொடியை நான் இன்னும் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பெங்களூரு அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் 32 பேரும் ஒப்பந்ததாரரின் ஆட்கள். அவர் பழைய பெயரைக் கைவிட்டு, வீட்டார் பெயரில் புதிதாக ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்தார். சீருடை மாறவில்லை, மேற்பார்வையாளர் மாறவில்லை, மாப் கட்டைகள்கூட மாறவில்லை. 32 பேரின் பணிக்காலம் மட்டும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அதற்காக ஆளுக்கொரு ராஜினாமா கடிதம் வந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்ற ஒரே ஆங்கில வாக்கியத்தை நகலெடுத்து, பெயருக்கு இடம் விட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி இட்டிருந்தார்கள். தேதி காலியாக இருந்தது.

இதன் பொருள் அக்காவுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். அன்று நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டின் கிராஜுவிட்டி (பணிக்கொடை) சட்டப்படி வேலையை விடுபவருக்குத் தொகை கிடைக்க ஐந்தாண்டு தொடர்ந்த பணி வேண்டியிருந்தது. அக்காவுக்கு நாலு ஆண்டும் ஏழு மாதமும் ஆகியிருந்தது. அவருடைய அடிப்படைச் சம்பளம் 13,000 ரூபாயை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 7,500, ஐந்தாண்டுக்கு 37,500. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதையும் நான் படித்திருந்தேன். அது கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் வாதாட இடமுண்டு. அந்தக் கணக்கில் அவருக்கு ஒரு மாதம்தான் குறைந்தது. இவ்வளவையும் அவர் என் மேசைக்கு வருவதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தேன். அந்தத் தாள் விசைப்பலகைக்கு அடியில் இருக்கும்போதுதான் “போடுங்கக்கா” என்று சொன்னேன்.

அப்பா கீழ்வேளூர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து வெண்மணிக்குக் கூட்டிப்போவார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த ஊர் அது. தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலத்தில் அவர்களைச் சங்கமாகத் திரட்டிய பி. சீனிவாசராவ், தென் கன்னடத்திலிருந்து வந்தவர். அவரைப் பற்றி அப்பா பேசும்போது ஊர்க்கோயில் சாமியைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். கன்னடத்துக்காரர் ஒருவர் எங்கள் வயலுக்கு வந்து அதைச் செய்தார்; அந்த வயலிலிருந்து கன்னட நாட்டுக்கு வந்த நான் ராஜினாமா கடிதங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றிரவு தோன்றியது. இப்படித் தோன்றுவதிலும் கொஞ்சம் சொகுசு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா குறிப்பிட்ட மே தினப் பேச்சு, ஏப்ரல் 30 மாலை தேநீர் இடைவேளையில் மைசூர்பாகு கொடுத்துவிட்டு நான் பேசியது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதையும், எட்டு மணி நேர வேலை சும்மா வந்ததல்ல என்பதையும் சொன்னேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெண்கள் நாலைந்து பேர் தமிழில் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கைதட்டினார்கள். அந்தப் பேச்சுக்கு எனக்கு ஆன செலவு மைசூர்பாகு மட்டும்தான்.

என் பக்கமும் சொல்ல இருக்கிறது. கையெழுத்துப் போடாதவரைத் திங்கட்கிழமையிலிருந்து வாசலுக்குள் விடமாட்டோம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அக்காவின் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பொம்மனஹள்ளியில் வாடகை வீடு. மாதச் சம்பளம் நின்றுபோகாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நின்றுபோகக்கூடியவரைப் பார்த்து ‘போராடுங்கள்’ என்று சொல்வது இடதுசாரித்தனமா? முந்தின வாரம் பணிக்காலத்தைத் தொடர்ச்சியாகக் கருத வேண்டும் என்று மேலிடத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். அது ஒப்பந்ததாரரின் விவகாரம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. நான் இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பவில்லை. வீட்டுக்கடன் எனக்கும் இருக்கிறது.

இதையெல்லாம் காப்பீட்டு நிறுவனத் தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பரிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “37,500ன்னு அவங்ககிட்டச் சொன்னியா?” சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்திருப்பார், குழம்பியிருப்பார் என்றேன். நண்பர் மேலே எதுவும் பேசவில்லை, காப்பிக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கையெழுத்துப் போடு, போடாதே என்பதில் எனக்கு இன்றும் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. தொகையை மறைத்ததற்கு மட்டும் நியாயம் தேடித்தேடிப் பார்க்கிறேன். தெரிந்தால் அவர் மறுத்துவிடுவாரோ, மறுத்தால் நான் பக்கத்தில் நிற்க வேண்டிவருமோ என்றுதான் பயந்திருப்பேன்.

31 பேர் போட்டார்கள். ஒரு பெண் போடவில்லை. அவருக்குச் சட்டமும் தெரியாது, கட்சியும் தெரியாது. “புரியாத காயிதத்துல எழுத மாட்டேன்” என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை அவரை யாரும் தடுக்கவில்லை. இரண்டு வாரம் முறைத்துவிட்டு, பழைய சேர்ந்த தேதியோடு அப்படியே புதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, நான் சொன்னது தப்பு. ஆனால் 31 பேர் போட்டுவிட்டதால்தான் ஒருவரைக் கண்டுகொள்ளாமல் விட முடிந்தது, 32 பேரும் மறுத்திருந்தால் வேறு ஒப்பந்ததாரரையே கொண்டுவந்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன். அல்லது 32 பேரும் மறுப்பதற்குத்தான் சங்கம் என்று பெயரோ? சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு இந்தப் பதில் தெரிந்திருக்கும்.

அக்கா என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை. கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் கழித்துப் புது நிறுவனத்தின் பி.எஃப். படிவத்தோடு மறுபடியும் என்னிடம்தான் வந்தார். கையுறை கழற்றிய விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன, பினாயில் வாசனை. ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். பணியில் சேர்ந்த நாள் என்ற கட்டம் வந்ததும், மேற்பார்வையாளர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்திருந்த தேதியைப் படித்துக்காட்டினேன்.

“அப்ப அதுக்கு முன்னாடி நான் எங்க சார் இருந்தேனாம்?” என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு, பேனாவை வாங்கி அந்தத் தேதியை நானே நிரப்பிக் கொடுத்தேன்.